பதினோரு எழுத்துத் திருட்டு

அட்டவணையின் நான்காவது வரியைப் படித்ததும் கடுகு கையிலிருந்த பென்சிலை மேஜையில் வைத்தாள். ஐந்தாவது வரியில் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஆறாவது வரிக்கு எழுந்தே நின்றுவிட்டாள்.

"இது என்னோடது" என்றாள்.

ஆய்வகத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாரத்துக்கு நான்கு தடவையாவது அவள் இப்படி எதையாவது சொல்லிக்கொண்டு எழுந்து நிற்பவள். கடுகு என்பது அவள் பெயர் அல்ல. ஆள் சிறியவள், சூடு பட்டால் வெடிப்பாள் என்று மூலக்கூறு மரபியல் துறை வைத்த பெயர். கழிவறைக் குழாய்க்கு ஒரு மனு, பாதியில் நிற்கும் லிஃப்டுக்கு ஒரு மனு, நூலகத்தின் கீழறையை ஒழித்து அங்கே குளிர்பெட்டிகள் வைக்க ஒரு மனு, ஆட்டம் காணும் நாற்காலிகளுக்கு ஒரு மனு என்று அந்த வருடம் மட்டும் டீன் அலுவலகத்துக்கு ஒன்பது மனு கொடுத்திருந்தாள். எல்லாம் நியாயமான மனுக்கள்தான். நியாயம் அவள் பக்கம் இருக்கும்போது அவள் பக்கத்தில் வேறு யாரும் நிற்க முடியாது என்பதுதான் சிக்கல்.

இந்த முறை விஷயம் குழாய் இல்லை.

அந்தத் துறையில் புதன்கிழமைதோறும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து அலசுவார்கள். வகுப்பை நடத்தும் பேராசிரியைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எழுதியவர் யாரென்று தெரிந்தால் மாணவர்கள் பெரிய பெயருக்குத் தலையாட்டுவார்கள், சின்னப் பெயரை மிதிப்பார்கள் என்பது அவர் எண்ணம். அதனால் எதைப் பற்றி என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதி நூலகத்துக்கு அனுப்பிவிடுவார். கட்டுரையைத் தேர்ந்தெடுப்பது நூலகம். டைப்பிஸ்ட் அதைப் புதிதாக அடித்து, படங்களைத் திரும்ப வரைந்து, பெயர், பத்திரிகை, தேதி, செய்முறை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கொடுப்பார். முடிவுகளைப் பார்த்து, எப்படிச் செய்திருப்பார்கள் என்று மாணவர்களே ஊகிக்க வேண்டும். மூலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்ற குறிப்பு, ஒட்டிய கவரில் தனியாக வரும். அலசி முடித்த பிறகுதான் அதைத் திறப்பார்கள். அதுவரை பேராசிரியைக்கே எதுவும் தெரியாது.

அந்த வாரச் சீட்டில் அவர் 'ஈஸ்ட், சூடு' என்று எழுதியிருந்தார். கடுகுக்கு உதவியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

திங்கள்கிழமை காலையில் நூலகத்து பைண்டர், பசை காயாத விரல்களோடு கட்டுரையை மேஜை மேஜையாக வைத்துக்கொண்டு வந்தார். கடுகிடம் வந்தபோது, "நல்லாப் படிங்கம்மா" என்றார். அவர் வழக்கமாகப் பேசுகிறவர் இல்லை. கடுகு அதைக் கவனிக்கவுமில்லை.

கடுகு மூன்று வருடமாக ஈஸ்ட்டோடு குடித்தனம் நடத்துகிறவள். ஈஸ்ட்டில் ஒரு மரபணு இருக்கிறது. சூடு ஏறினால் அது விழித்துக்கொண்டு செல்லைக் காப்பாற்றும். அதைத் தட்டி எழுப்புவது எது? மரபணுவுக்கு முன்னால் நீண்டு கிடக்கும் டி.என்.ஏ. எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒவ்வொன்றையும் சூட்டில் வைத்து, பிழைத்ததா செத்ததா என்று எண்ணி எண்ணி, கடைசியில் பதினோரு எழுத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அந்தப் பதினொன்றை எடுத்துவிட்டால் ஈஸ்ட் சாகிறது.

கேட்பவருக்கு இவ்வளவுதான். அவளுக்கு அது ஈஸ்ட் வளர்த்த நானூற்றுப் பன்னிரண்டு கண்ணாடித் தட்டு, சொந்தத் தம்பி கல்யாணத்தில் பாதியில் எழுந்து ஓடிவந்தது, போனை எடுத்தாலே "இன்னுமா படிச்சு முடிக்கல" என்று கேட்கும் மாமியார். அவளுடைய வழிகாட்டி போன வருடமே ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இருந்தபோதும் "ரொம்ப நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதில் புதிதாக ஒன்று இருக்கிறது என்றால் இந்தப் பதினோரு எழுத்துதான். மற்ற இருநூறு பக்கமும் அதற்குப் போட்ட பந்தல்.

அதே பதினோரு எழுத்து, அதே வரிசையில், டைப் அடித்த காகிதத்தில் உட்கார்ந்திருந்தது.

பக்கத்து மேஜைக்காரருக்கு ரேடியோ என்று பெயர். காதில் விழுந்தது எதுவானாலும் வாய் வழியாக வந்தே தீரும்.

"என் நோட்டை எப்ப எடுத்தீங்க?" என்று கடுகு அவர் முன்னால் போய் நின்றாள்.

"எந்த நோட்டு?"

"பச்சை அட்டை. நான் சாப்பிடப் போறப்ப எல்லாம் இங்கதான் கிடக்கும். நீங்க மட்டும்தான் இருப்பீங்க."

"நான் என் வேலையையே பாக்கறதில்ல. உங்க வேலையை எங்க பாக்கப்போறேன்?"

"அப்ப என் பதினோரு எழுத்து எப்படி வெளிய போச்சு?"

ரேடியோ யோசித்தார். "பதினொண்ணா? பன்னெண்டுன்னுல்ல இவ்வளவு நாளா நெனைச்சிட்டிருந்தேன்."

திருடியிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் இரண்டு வேளை கேட்டுவிட்டு, பன்னிரண்டு என்கிறார். கடுகின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"திருடத்தான் துப்பில்ல, எண்ணவுமா தெரியாது?" என்றாள்.

ரேடியோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்த ரோஷத்தை அவர் மாடி மாடியாக ஒலிபரப்பினார். இரண்டாம் மாடியில் கடுகின் ஆராய்ச்சி திருடு போய்விட்டது என்று கிளம்பிய சேதி, முதல் மாடியில் கடுகின் ஆராய்ச்சியில் ஏதோ திருட்டு என்றாகி, தரைத்தளத்துக்கு வந்து சேர்ந்தபோது, கடுகு யாருடையதையோ காப்பி அடித்துவிட்டாள் என்று முடிந்திருந்தது. அவள் மனுவின் பேரில் கழிவறைக் குழாயைச் சரிசெய்ய வந்த ஆள், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா, மாட்டிக்கிட்டீங்களாமே" என்று விசாரித்தார்.

கடுகு நேரே பேராசிரியை அறைக்குப் போனாள்.

"மேடம், அந்தக் கவரைத் திறங்க. எழுதினது யாருன்னு எனக்கு இப்பவே தெரியணும்."

"புதன்கிழமை அலசி முடிச்சப்புறம்தான். பதினெட்டு வருஷமா இதுதான் வழக்கம்."

"என் வீட்டுல புகுந்து திருடியிருக்காங்க மேடம். திருடனைப் பிடிக்கப் புதன்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமா?"

"திருடனா இல்லையான்னே நமக்குத் தெரியாதே. புதன்கிழமை எல்லார் முன்னாலயும் காட்டுங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு. நான் கேக்கறேன்."

அன்று மாலை வீட்டில் கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குரலை உயர்த்தத் தெரியாதவர். கடுகுக்கு அவர் மீதிருந்த ஒரே குறை அது. அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் சிவப்புப் பேனாவை மூடவில்லை.

"ரெண்டு பேருக்கு ஒரே விடை வந்தா அது காப்பின்னு சொல்ல முடியாதும்மா. விடை சரின்னுதான் அர்த்தம்."

"நீங்க யார் பக்கம்?"

"கணக்குப் பக்கம். எங்க கிளாஸ்ல நாப்பது பேருக்கும் சரியா வந்தா நான் சந்தேகப்படறதில்ல. ரெண்டு பேருக்கு ஒரே தப்பு வந்தாத்தான் கூப்பிட்டு விசாரிப்பேன். அந்தக் கட்டுரையில உன் தப்பு ஏதாவது இருக்கா, அதைப் பாரு."

"நான் தப்புப் பண்ணினாத்தானே?" என்று சொல்லிக்கொண்டே கடுகு காகிதத்தைப் பிரித்தாள். பிரித்தவள் ஏழாவது வரியில் நின்றுவிட்டாள்.

அவளிடம் ஒரு தப்பு இருந்தது. ஏழாம் துண்டு. மற்றத் துண்டுகளில் எழுத்தை வெட்ட வெட்ட ஈஸ்ட் தளர்ந்துகொண்டே போனது. ஏழாவதில் மட்டும், வெட்டிய பிறகு முன்னைவிட நன்றாக வளர்ந்தது. அன்றைக்கு அவள் சூடுபெட்டியின் கதவைத் திறந்துவைத்துவிட்டு மாமியாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அதனால் வந்த கோளாறு என்று அவளே முடிவு செய்து, அந்த எண்ணை ஆய்வேட்டின் பின்னிணைப்பில், யார் கண்ணுக்கும் படாத பொடி எழுத்தில் போட்டிருந்தாள்.

கட்டுரையின் ஏழாவது வரியிலும் ஈஸ்ட் முன்னைவிட நன்றாக வளர்ந்திருந்தது.

"என் தப்பைக்கூட விட்டுவைக்கலைங்க" என்றாள். கண்டுபிடிப்பைத் திருடியதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். மாமியாரோடு பேசியதையுமல்லவா திருடியிருக்கிறார்கள்.

கணவர் முதல் தடவையாகப் பேனாவை மூடினார். "அப்படின்னா அது காப்பிதான்" என்றார்.

புதன்கிழமை ரேடியோ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்திருந்தார். ரோஷம் அவரைப் படிக்கவைத்திருந்தது. பேராசிரியை அதற்காகக் கடுகுக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

"கட்டுரை மோசம் மேடம்" என்று ரேடியோ ஆரம்பித்தார். "ஈஸ்ட் சூட்டுல செத்துதா, இல்ல வெட்டினதுமே செத்துதா? அதுக்கு கன்ட்ரோல் எங்க?"

கடுகுதான் முதலில் குற்றம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் ஆராய்ச்சியை அல்லவா இந்த மனிதர் மோசம் என்கிறார்.

"ரெண்டாம் அட்டவணை, கடைசிக் கட்டம்" என்றாள். "சூடில்லாத அறையில எல்லாமே நல்லா வளர்ந்திருக்கு. கண்ணைத் திறந்து படிக்கணும்."

"சரி. பதினோரு எழுத்தை எடுத்துட்டா, ரெண்டு பக்கத்து எழுத்தும் நெருங்கி வந்துடும். அந்த நெருக்கத்தால செத்திருந்தா?"

"எடுத்த இடத்துல சம்பந்தமில்லாத வேற பதினோரு எழுத்தை வெச்சுப் பாத்தாச்சு. தூரம் மாறல. அப்பவும் சாகுது."

"யார் பாத்தது? கட்டுரையில அப்படி இல்லையே."

"நான் பாத்தேன்."

"ஒரே ஒரு ஈஸ்ட் வகையில பண்ணிட்டு ஊருக்கே சொல்றாரே, அது?"

"ரெண்டாவது வகையிலயும் அப்படித்தான். என்கிட்ட முப்பத்தாறு தட்டு இருக்கு, வந்து பாருங்க."

இப்படியே ஒரு மணி நேரம். ரேடியோ ஓட்டை போட, கடுகு அடைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அந்தக் கட்டுரையில் குறையென்று சொல்ல ஒரு கமாகூட மிச்சமில்லை. ரேடியோ மூச்சு வாங்கிக்கொண்டு, "திருடனுக்கு இந்த மாதிரி ஒரு வக்கீல் கெடைச்சு நான் பாத்ததில்ல" என்றார்.

அப்போதுதான் கடுகுக்கு, தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. கோபம் இரண்டு மடங்கானது.

"அந்த ஏழாவது வரி" என்றார் பேராசிரியை. "அது தப்பா இல்லாமலும் இருக்கலாமில்ல? அந்த இடத்துல மரபணுவை அடக்கிவைக்கற எழுத்து ஏதாவது இருந்து, அதை எடுத்ததால நல்லா வளர்ந்திருக்கலாம். ரெண்டு இடத்துல ஒரே மாதிரி வருதுன்னா யோசிக்கணும்."

"மேடம், கதவைத் திறந்துவெச்சுட்டுப் போன் பேசினது நான். என் தப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு நிச்சயமாச் சொல்றீங்க."

"புள்ளி மாறாம."

பேராசிரியை கவரை எடுத்துக் கிழிக்கப் போனார். கடுகு அதன்மேல் கையை வைத்தாள்.

"இங்க வேணாம் மேடம். டீன் முன்னாலதான் திறக்கணும். இல்லேன்னா சீட்டை மாத்திட்டாங்கன்னு நாளைக்கு இவரே சொல்லுவாரு."

மறுநாள் டீன் அறை. அவளுடைய கையெழுத்தைப் பார்த்தாலே டீனுக்கு நெற்றியை அழுத்திக்கொள்ளத் தோன்றும். பத்தாவது மனு நான்கு பக்கம் இருந்தது. முதல் மூன்று பக்கத்தில், இரண்டு ஆராய்ச்சியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே என்பதற்குப் பதினான்கு ஆதாரங்கள். ஏழாம் துண்டுக்கு மட்டும் முக்கால் பக்கம். நான்காவது பக்கத்தில் அவள் கேட்டது ஒரு விதிமுறை. உள்ளே இருக்கும் எவனோதான் நோட்டைப் பார்த்துக் கட்டுரை எழுதியிருக்கிறான், நாளைக்கு அதையே ஆய்வேடு என்று கொண்டுவந்து நீட்டுவான், அவனை வாசலிலேயே தடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

டீன் வாய்விட்டுப் படித்தார். "முந்திச் செய்தவருக்கே உரிமை. பிந்திச் செய்தவர் யாராக இருந்தாலும், அவருடைய ஆய்வேட்டை இந்த நிறுவனம் ஏற்காது. அவர் பெயர் முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் இருக்கும்." கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்சம் கடுமையா இல்ல?"

"திருட்டுக்கு என்ன சார் மென்மை?"

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருந்தா? பாவம், தெரியாமப் பண்ணியிருக்கலாம்."

"தெரியாம எப்படி சார்? ஆராய்ச்சிக்கு வர்றவங்க, முன்னாடி யார் என்ன பண்ணியிருக்காங்கன்னு படிச்சுட்டுத்தானே வரணும்? அதுக்குத்தானே நூலகம்னு ஒண்ணு கட்டி வெச்சிருக்கோம்?"

பேராசிரியை மெல்லச் சொன்னார்: "ஒரு வரி சேத்துக்கலாம் சார். அறியாமல் செய்தவருக்கு விலக்கு உண்டுன்னு. யாருக்காவது உதவும்."

டீன் அந்த வரியைக் கையாலேயே எழுதிச் சேர்த்தார். கடுகு அவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அதை ஒரே கோடாக அடித்தாள்.

"மடியில கனமில்லாதவங்களுக்கு இந்த வரி எதுக்கு மேடம்? குத்தமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும். மூணு வருஷம் சார். தம்பி தாலி கட்டறதைக்கூட நான் முழுசாப் பாக்கல. இதை எவனோ ஒருத்தன் தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லித் துடைச்சுட்டுப் போவான், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

கண்ணில் நீர் நின்றது. அதைப் பார்த்த பிறகு டீனால் மறுக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். டைப்பிஸ்ட் ஒரு நகலை எடுத்துப்போய்க் கீழே பலகையில் குத்திவிட்டு வந்தார். பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. அந்த வருடத்தில் ஒரு மனு அன்றைக்கே நிறைவேறியது அதுதான் முதல் தடவை.

"இப்பக் கவர்" என்றாள் கடுகு. பச்சை அட்டை நோட்டின் முதல் பக்கத்தை விரித்து, மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி தெரியும்படி மேஜையில் வைத்தாள். "இந்தத் தேதியையும் அந்தத் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க சார். அப்புறம் பேசலாம்."

கவருக்குள் ஓர் அலமாரி எண்ணும் ஒரு பக்க எண்ணும் மட்டும் இருந்தன. டீன் நூலகத்துக்குப் போன் செய்தார்.

கால் மணி நேரத்தில் பைண்டர் வந்தார். கையில் செங்கல் கனத்துக்கு ஒரு பைண்டு புத்தகம். மேஜையில் வைத்ததும் தூசி எழும்பி டீன் தும்மினார். முதுகில் அச்சிட்டிருந்த வருடம் தேய்ந்துபோயிருந்தது. டீன் அதைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார், தெரியவில்லை.

"தேதி, சார், தேதி" என்றாள் கடுகு.

"இது எந்த வருஷத்துதுப்பா?" என்று டீன் கேட்டார்.

பைண்டர் டீனுக்குப் பதில் சொல்வதற்கு முன் கடுகைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, கீழறையைக் காலி பண்ணணும்னு நீங்க எழுதிக் குடுத்த லிஸ்ட்டுல, 'யாரும் படிக்கறதில்ல, எடைக்குப் போடலாம்'னு மொதல்ல போட்டிருந்த புஸ்தகம் இதுதான்; முப்பத்தோரு வருஷமா ஒருத்தரும் தொடல, போறதுக்கு முன்னாடி ஒரு கட்டுரையாவது உங்க கண்ணுல படட்டுமேன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்."